இடுப்பு வலிக்கு நரம்பைச் சுடும் சிகிச்சை: போவதற்கு முன்னும் பின்னும்

ஈரோட்டுப் பக்கம் ஒரு வலி சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பாதிப்பேர் தறி ஓட்டுகிறவர்கள், பனியன் கம்பெனி டெய்லர்கள், லாரி டிரைவர்கள். மாதக்கணக்காக இடுப்பு வலி, மாத்திரை தின்று தின்று வயிறு புண்ணாகிப் போய், கடைசியில் யாரோ சொல்லி வருவார்கள். "ஏனுங் சிஸ்டர், முதுகுல ஊசி போட்டா கால் வராமப் போயிருமுங்களா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி.

நான் சொல்லப்போவது ஒரே ஒரு சிகிச்சையைப் பற்றி: ரேடியோ அலைச் சூட்டால் முதுகின் சின்ன நரம்புகளைச் சுடுவது. டாக்டர்கள் ஆர்.எஃப்.ஏ. என்பார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். பிசியோதெரபியில் பேட் ஒட்டி 'கரண்ட் வைக்கிறது' வேறு, இது வேறு. அது தோலுக்கு மேலே. இதில் ஊசி உள்ளே எலும்பு வரை போகும், நுனி மட்டும் சூடாகும். கால் வராமல் போகுமா என்ற பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. காலுக்குப் போகும் பெரிய நரம்பு தண்டுவடக் குழாயிலிருந்து முன்பக்கமாக வெளியேறுகிறது. நாங்கள் தேடிப் போகும் நரம்பு அதிலிருந்து பின்பக்கம் பிரியும் நூல் மாதிரியான கிளை. ஊசி அந்தப் பின்பக்கத்திலேயே நிற்கிறதா என்று பார்க்கத்தான் எக்ஸ்-ரே, சோதனை எல்லாம்.

எந்த வலிக்கு இது?

முதுகெலும்பில் ஒவ்வொரு எலும்பும் அடுத்ததோடு முன்பக்கம் ஜவ்வாலும், பின்பக்கம் இரண்டு சின்ன மூட்டுகளாலும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பின் மூட்டுக்கு ஃபேசெட் மூட்டு என்று பெயர். அது தேய்ந்து வலித்தால், அந்த வலியை மூளைக்குக் கொண்டுபோகும் கிளை நரம்பைச் சுட்டுச் செய்தியை நிறுத்துகிறோம். அவ்வளவுதான். தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியே இருக்கும்.

அதனால் ஜவ்வு விலகி நரம்பை அழுத்தி, குதிகால் வரை மின்சாரம் மாதிரி ஓடும் வலிக்கு இது மருந்தல்ல. மூட்டு வலி பொதுவாக இடுப்பிலேயே நிற்கும். பின்புறத்துக்கோ தொடைக்கோ இறங்கலாம், முழங்காலைத் தாண்டுவது குறைவு. பின்னால் வளையும்போது, உட்கார்ந்து எழும்போது, படுக்கையில் புரளும்போது சுள்ளென்று இருக்கும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஆனால் இந்த அறிகுறிகளை மட்டும் வைத்து இது மூட்டு வலிதான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஸ்கேன் ஃபிலிமும் சொல்லாது. இதைக் கேட்டால் எல்லோருக்கும் ஆச்சரியம். கையில் பெரிய கவரோடு வந்து, "எல்-4 எல்-5ல கேப் விழுந்திருச்சுங்க" என்பார்கள் (கீழ் இடுப்பின் கடைசி இரண்டு எலும்புகளுக்கு ஸ்கேனில் போடும் பெயர் அது). முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015ல் ஒரு கட்டுரை வந்தது. வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். தலை நரைப்பதுபோல அதுவும் வயதோடு வருவது. ஃபிலிமில் தேய்மானம் இருக்கிறது என்பதற்காக மட்டும் யாராவது ஊசியை எடுத்தால், கொஞ்சம் யோசியுங்கள்.

ஸ்கேன் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூன்று மாதத்தைத் தாண்டிய வலியைத்தான் நாள்பட்ட வலி என்கிறோம். அது எத்தனை பழையதாக இருந்தாலும், கூடவே மாலை நேரத்துக் காய்ச்சல், எடை குறைதல், ராத்திரி தூங்கவிடாத வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் அதை மறக்கவே கூடாது. முன்பு புற்றுநோய் வந்தவர்கள், கீழே விழுந்தபின் வலி ஆரம்பித்த வயதானவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் எடுத்தவர்கள், இவர்களுக்கும் முதலில் பரிசோதனை, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

சோதனை ஊசி நாள்தான் முக்கியம்

சுடும் நாளை நினைத்து ஜனங்கள் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், அதற்கு முந்தி வரும் சோதனை ஊசி நாளில்தான் உங்களுக்கு வேலை அதிகம். மற்ற நாட்களில் டாக்டர் வேலை செய்வார், நீங்கள் படுத்திருப்பீர்கள். அன்றைக்கு மட்டும் பரீட்சை உங்களுக்கு.

சந்தேகப்படும் நரம்பின் பக்கத்தில் மரத்துப்போகும் மருந்தை அரை மில்லி அளவுக்கு வைப்போம். லிக்னோகெயின் அல்லது புபிவகெயின். வலி அந்த நரம்பு வழியாக வருவதாக இருந்தால் சில மணி நேரத்துக்கு நன்றாகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் வலி வேறு எங்கிருந்தோ வருகிறது, சுட்டுப் பயனில்லை.

குத்துகளின் எண்ணிக்கையைக் கண்டு பலர் கலங்குவார்கள். ஒரு மூட்டுக்கு இரண்டு நரம்புகள் போகின்றன, அந்த மட்டத்திலிருந்து ஒன்று, மேல் மட்டத்திலிருந்து ஒன்று. கீழ் இடுப்பின் கடைசி இரண்டு மூட்டுகள் என்றால் ஒரு பக்கத்துக்கு மூன்று நரம்புகள், நடுவில் இருப்பது இரண்டுக்கும் பொது. இரண்டு பக்கமும் என்றால் ஆறு குத்து. "ரெண்டு மூட்டுன்னு சொல்லிட்டு ஆறு எடத்துல குத்துறாங்க" என்று ஒரு ஐயா வெளியே போய் வராண்டாவில் எல்லோரிடமும் சொன்னார். கணக்கு சரிதான்.

அன்றைக்கு வரும்போது வலி இருக்க வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வந்தால் எது எதனால் குறைந்தது என்று தெரியாது. எத்தனை மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரையை இந்தப் பட்டியலில் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். மயக்க ஊசி கொடுப்பதாகச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அது உள்ளே போனால் வலி மட்டுமல்ல, கவலையும் குறையும், அப்புறம் சோதனைக்கு அர்த்தமில்லை.

ஊசிக்கு முன்னாலேயே உங்கள் வலியைத் தூண்டும் அசைவைக் கண்டுபிடித்து வையுங்கள். எங்களிடம் வந்த ஒரு டெய்லரக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து பின்னால் வளைந்து காட்டினார், பத்துக்கு ஏழு என்றார். ஊசி போட்ட அரை மணி நேரத்தில் அதே ஸ்டூலில் உட்காரவைத்து எழச் சொன்னோம். அப்படித்தான் செய்ய வேண்டும். லாரி டிரைவர் என்றால் உயரப் படியில் காலை வைத்து ஏறிப் பாருங்கள். வீட்டு வேலை என்றால் வாளி தூக்குங்கள், மாவு பிசையுங்கள், குனிந்து நிமிருங்கள்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஊசி போட்டாயிற்றே என்று வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். படுத்திருந்தால் யாருக்குத்தான் வலிக்கும்? சாயந்திரம் போன் செய்து, "வலியே இல்லீங்க" என்பார்கள். அதை வைத்துக்கொண்டு எதுவும் தீர்மானிக்க முடியாது. ஒரு தாளில் நேரத்தைக் குறித்து, என்ன செய்தீர்கள், பத்துக்கு எத்தனை வலி என்று மணிக்கு ஒருமுறை எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பேரன் பேத்தி எழுதட்டும். ஆனால் அவர்கள் சொன்னதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். மகன் பக்கத்தில் நின்றுகொண்டு, "அம்மாவுக்கு நல்லாக் குறைஞ்சிருச்சு" என்று பதில் சொல்வதையும் நான் பார்க்கிறேன்.

அதைவிடச் சிக்கல், டாக்டர் மனசு நோகக்கூடாது என்று 'நல்லா இருக்கு' சொல்வது. இவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்டிருக்கிறாரே என்ற மரியாதை. அந்த மரியாதையால் தேவையில்லாமல் இன்னொரு ஊசி வாங்கிக்கொள்வீர்கள். குறையவில்லை என்றால் குறையவில்லை என்று சொல்லுங்கள். அதுவும் எங்களுக்கு உபயோகமான பதில்தான்.

ராத்திரிக்குள் வலி திரும்பிவிடும். அதைத் தோல்வி என்று நினைத்து அழுதவர்கள் உண்டு. மருந்தின் நேரம் முடிந்தது, அவ்வளவுதான். எவ்வளவு குறைந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்பதில் மருத்துவர்கள் எல்லோரும் ஒரே கருத்தில் இல்லை. சிலர் பாதி குறைந்தால் போதும் என்பார்கள், சிலர் 80 சதவீதம் கேட்பார்கள். சிலர் இன்னொரு நாள் வேறு மருந்தை வைத்து மறுபடியும் சோதிப்பார்கள். லிக்னோகெயின் சீக்கிரம் அடங்கும், புபிவகெயின் கூடுதல் நேரம் நிற்கும், உங்கள் தாளிலும் அந்த வித்தியாசம் வருகிறதா என்று பார்ப்பதற்காக. இரண்டு முறை சோதிப்பது அலைச்சல்தான். ஒரே ஊசியில் பொய்யான நல்ல பதில் வருவது சகஜம் என்பதால், நான் அந்த அலைச்சலின் பக்கம்தான். எங்கள் அம்மாவாக இருந்தாலும் சோதனை இல்லாமல் நேராகச் சுட விடமாட்டேன்.

ஒரு எச்சரிக்கை: சில மணி நேரம் கால் லேசாக மரத்தோ தளர்ந்தோ போகலாம். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பக்கூடாது, துணைக்கு ஆள் வேண்டும்.

சுடும் நாளுக்கு முன்

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகள் (ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின்) எடுத்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் முதுகைவிடப் பெரிய பிரச்சினை இதயத்தில் வரும். நிறுத்துவதா தொடர்வதா என்பதை இதய மருத்துவரும் வலி மருத்துவரும் பேசி முடிவு செய்வார்கள். பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், இந்தக் கருவியின் மின்சாரம் அதைக் குழப்பலாம். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் சொல்லுங்கள், எக்ஸ்-ரே உண்டு. காய்ச்சலோ, முதுகில் கொப்புளமோ இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுவதுதான் நல்லது.

சர்க்கரை உள்ளவர்கள் காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். லேசான மயக்கம் தருவதாக இருந்தால் திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன் நிறுத்துவது பொதுவான வழக்கம். சாப்பிடாத வயிற்றில் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போடலாமா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே ஸ்டீராய்டு வைப்பார்களா என்றும் கேளுங்கள். வைத்தால் சில நாள் சர்க்கரை ஏறும்.

அப்புறம் அரைஞாண் கொடி. வெள்ளிக் கொடி கட்டிய பெரியவர்கள் கழற்றச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் அது சரியாக நாங்கள் எக்ஸ்-ரேயில் பார்க்க வேண்டிய இடத்தில் கிடக்கிறது, உலோகம் வேறு. வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள், அல்லது கயிறாக மாற்றிக்கொள்ளுங்கள். கயிறை மேலேயோ கீழேயோ தள்ளிவிடலாம். தைலம், எண்ணெய், வலிப் பிளாஸ்திரி எதுவும் முதுகிலும் தொடையிலும் வேண்டாம். தொடையில் ஒட்டும் எர்த் பேட் எண்ணெய்ப் பசையில் சரியாகப் பிடிக்காது. மின்சாரம் திரும்பிப் போகும் வழி அதுதான், அரைகுறையாக ஒட்டினால் தோல் சுட்டுவிடும்.

பணத்தைப் பற்றி ஒன்று: எத்தனை நரம்புகள், சுடும் ஊசிக்குத் தனி விலையா, சோதனை ஊசிக்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். காப்பீடு இருந்தால் முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். டே கேர் என்று பில் போட்டால் பணம் வரும் என்று வாய்வார்த்தையாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மேஜை மேல்

குப்புறப் படுக்க வேண்டும், வயிற்றுக்குக் கீழே தலையணை வைப்போம். மருந்து போட்டுத் துடைக்கும்போது சில்லென்று இருக்கும். பச்சைத் துணி போர்த்தி, வளைந்த கை மாதிரி ஒரு எக்ஸ்-ரே மெஷினை மேலே கொண்டுவருவோம், அதற்கு சி-ஆர்ம் என்று பெயர். எல்லோரும் கனமான ஈய உடை போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். நாங்கள் தினமும் அந்த அறையில் நிற்கிறவர்கள், அதனால்தான்.

தோலை மரக்கவைக்கும் ஊசிதான் எரியும். அதற்குப் பிறகு பெரும்பாலும் அழுத்தம்தான் தெரியும். டாக்டர் ஊசியைப் படத்தில் பார்த்துப் பார்த்து நகர்த்துவார், அதற்குத்தான் நேரம் பிடிக்கும். இடம் வந்ததும் இரண்டு சோதனைகள். முதலாவது 50 ஹெர்ட்ஸ்: எறும்பு ஊர்வது போலவோ, விர்ரென்றோ உங்கள் வழக்கமான வலி இடத்தில் தெரியும். இரண்டாவது 2 ஹெர்ட்ஸ்: இடுப்புத் தசை டொக் டொக் என்று துடிக்கும். அது நல்லது. கால் துடித்தால் ஊசி தப்பான இடத்தில் இருக்கிறது, நகர்த்த வேண்டும்.

உங்களை முழுதாக மயக்காமல் வைப்பது இதற்காகத்தான். நீங்கள் பேச வேண்டும். "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் போதாது. இடுப்பிலா, காலிலா, கீழே ஓடுகிறதா என்று சொல்லுங்கள். உடம்பை அசைக்காமல் வாயால் சொல்லுங்கள். பதறி எழ முயன்றவர்களின் தோளை நான் பிடித்து அழுத்தியிருக்கிறேன்.

அது சரியானதும் மரப்பு மருந்து விட்டு, சுடுவோம். வழக்கமான முறையில் நுனி சுமார் 80 டிகிரி செல்சியஸுக்குப் போகும், ஒரு இடத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிடம். சூடு, அழுத்தம், ஒரு கனத்த வலி இருக்கலாம். காலுக்கு இறங்கினால் உடனே சொல்லுங்கள், நிறுத்திவிடுவார்கள். மொத்தமாக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

உங்களுக்குச் செய்வது எந்த வகை என்றும் கேட்டு வையுங்கள். பல்ஸ்டு என்று ஒரு முறை உண்டு, 42 டிகிரியைத் தாண்டாது, நரம்பைச் சுடாது. நான் இங்கே சொல்வதெல்லாம் சுடும் முறையைப் பற்றியது.

வீட்டுக்குப் போனபின்

கொஞ்ச நேரம் வைத்திருந்து, கால் ஊன்றி நடக்கவைத்து அனுப்புவோம். முதல் வாரம், சிலருக்கு இரண்டு வாரம், வலி முன்பைவிட அதிகமாகக்கூட இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் சண்டைக்கு வருவார்கள். துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம், டாக்டர் எழுதிய வலி மாத்திரை போடலாம். வெயிலில் கருகிய தோல் மாதிரி எரிச்சல், சட்டை பட்டாலே கூச்சம், இதெல்லாம் சிலருக்குச் சில வாரம் இருந்து தானாகப் போகும். ஓரிடம் மரத்தது போலவும் இருக்கலாம். முழுப் பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் கொடுங்கள்.

அடுத்த நாள் தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம். கிணற்றில் குதிப்பது, ஆற்றில் முங்குவது, எண்ணெய் தேய்த்து நீவுவது இதெல்லாம் ஒரு வாரம் வேண்டாம். நடங்கள். படுத்தே கிடக்க வேண்டாம், பாரம் தூக்கியும் பார்க்க வேண்டாம்.

காய்ச்சல், குத்திய இடத்தில் சீழ், புதிதாகக் கால் தளர்ச்சி, சிறுநீர் வராமல் நிற்பது, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போவது, இதில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அபூர்வம்தான், ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

எவ்வளவு நம்பலாம்?

நன்றாக எடுபட்டவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் நிம்மதி கிடைக்கிறது. சுட்ட நரம்பு மறுபடி வளரும், வலியும் திரும்பலாம். அப்போது மறுபடி செய்யலாம்.

ஆனால் மருத்துவ உலகமே இதில் இரண்டுபட்டு நிற்கிறது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016ல், மற்ற சிகிச்சை பலன் தராத, பத்துக்கு ஐந்துக்குக் குறையாத வலி உள்ள, சோதனை ஊசியில் நல்ல பதில் வந்தவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்றது. 2017ல் நெதர்லாந்தில் 681 பேரை வைத்து நடந்த ஆய்வுகளில், உடற்பயிற்சியோடு இதைச் சேர்த்தவர்களுக்கும் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம் சரியில்லை, ஒரே சோதனை ஊசியில் பாதி குறைந்தாலே சேர்த்துக்கொண்டார்கள் என்று இந்தச் சிகிச்சையை ஆதரிக்கும் தரப்பு வாதாடியது. 2025ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதல், புற்றுநோய் சாராத நாள்பட்ட முதுகு வலிக்கு இதையும் இது போன்ற ஊசிகளையும் செய்ய வேண்டாம் என்றே உறுதியாகச் சொன்னது. வலி சிகிச்சை நிபுணர்களின் சங்கங்கள் அதை ஏற்கவில்லை.

என் வேலையே இதில் இருப்பதால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேளுங்கள். நான் பார்த்தவரை, சோதனை தெளிவாக வந்தவர்கள் நன்றாகிறார்கள், அரைகுறையாக வந்தும் ஆசைப்பட்டுச் செய்துகொண்டவர்கள் மூன்று மாதத்தில் திரும்பி வருகிறார்கள். டாக்டரிடம் கேளுங்கள்: எந்த மூட்டு என்று எப்படி முடிவு செய்தீர்கள், எத்தனை சோதனை ஊசி, எவ்வளவு குறைந்தால் மேலே போவீர்கள், பலனில்லை என்றால் அடுத்து என்ன? இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லாத இடத்தில் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

வலி குறைந்த மாதங்களில் பிசியோதெரபிஸ்ட்டிடம் போய் இடுப்பு, வயிற்றுத் தசைப் பயிற்சியைக் கற்றுக்கொண்டு தொடருங்கள். தறியிலோ மெஷினிலோ உட்காருகிறவர்கள் இடையிடையே எழுந்து நாலு எட்டு நடங்கள். ஒரு வருடம் கழித்து வலி திரும்பினால் பழைய தாளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதே இடம், அதே மாதிரி வலிதானா, வேறு ஏதாவது புதிதா என்று முதலில் அதைத்தான் பார்ப்போம்.